பத்துக்கு ரெண்டு

அன்புள்ள பாப்பாவுக்கு, அம்மா எழுதிக்கொள்வது. நீ நலம் என்று போனில் சொன்னதை நம்பி ஆரம்பிக்கிறேன். இங்கே நானும் நலம், உன் அப்பாவும் நலம். ஆனால் இது அவர் வாயால் சொன்ன நலம் இல்லை, நர்ஸ் பார்த்துச் சொன்ன நலம். இரண்டுக்கும் நடுவில் நடந்த கூத்தை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன். போனில் சொல்லலாம் என்றால் காதைத் தீட்டிக்கொண்டு பக்கத்திலேயே படுத்திருக்கிறார்.

பித்தப்பையை எடுத்து, வயிற்றில் தையல் போட்டு, வார்டில் கொண்டுவந்து விட்டது வரை உனக்குத் தெரியும். அதற்குப் பிறகுதான் பாதி வைத்தியமே இருக்கிறதென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. டாக்டர் வந்து தையலை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். எழுப்பி உட்காரவைப்பது, இருமவைப்பது, நடக்கவைப்பது எல்லாம் நர்ஸ் தலையில். அந்தப் பெண்ணுக்கு உன் வயசுதான் இருக்கும். வரும்போதும் போகும்போதும் அவள் கேட்பது ஒரே கேள்வி, வலி பத்துக்கு எத்தனைப்பா என்று. யாரிடம் போய் என்ன கேட்கிறாள் பார். ஆயுசு பூராவும் சிவப்புப் பேனாவும் கையுமாக வகுப்பறையில் பிள்ளைகளை அழவிட்ட மனுஷன். கண்ணாடியை எடுத்துத் தரச் சொன்னார். மாட்டிக்கொண்டு, கூரையைப் பார்த்து யோசித்து, ரெண்டு என்றார்.

பாவம், நம்பிவிட்டாள். ரெண்டுக்கு உண்டான மாத்திரையைக் கொடுத்தாள். பக்கத்துக் கட்டிலில் ஒரு லாரி டிரைவர், அவருக்கும் வயிற்றில்தான் ஆபரேஷன். நர்ஸ் வாயைத் திறப்பதற்குள் பன்னெண்டு சிஸ்டர் பன்னெண்டு என்று அலறுவார். அவருக்கு ஊசி போட்டார்கள், வலி அடங்கி மறுநாளே எழுந்து ஒவ்வொரு கட்டிலாகப் போய்க் குசலம் விசாரித்தார். உன் அப்பா முகத்தைச் சுளித்து, பத்துக்குப் பன்னெண்டாம், எந்த ஸ்கூல்ல படிச்சானோ என்றார். அதைச் சொல்வதற்கே மூச்சு வாங்கியது. எழுந்திருக்க மாட்டேன் என்கிறார், இரும மாட்டேன் என்கிறார். மூன்று பந்து வைத்த ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொடுத்து, மூச்சை நல்லா உள்ள இழுங்க, பந்து மேல போகணும் என்றார்கள். ஒரு பந்தும் அசையவில்லை. பந்து சரியில்லையாம். சாயங்காலம் உடம்பு சுட்டது, நெஞ்சில் கர்கர் என்று சத்தம். நர்ஸ் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, சளி உள்ளயே தங்கிட்டா நிமோனியா ஆயிடும்மா, வலி ரெண்டுங்கிறாரு, அப்புறம் ஏன் இருமவே மாட்டேங்கிறாருன்னு புரியல என்றாள்.

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. ஏம்மா, அவர் வாத்தியாரும்மா, பத்துக்குப் பத்து இதுவரைக்கும் யாருக்கும் போட்டதில்ல, சொந்தப் பொண்ணு ஸ்கூல்லயே முதல்ல வந்தப்பகூட அவ கட்டுரைக்கு நாலு போட்டவரு, அவர் ரெண்டுன்னா நீ எட்டுன்னு வச்சுக்கோ என்றேன். சிரிப்பாள் என்று பார்த்தேன். தலையில் அடித்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினாள். ஊசியோடு திரும்பி வந்தவள் அதற்குப் பிறகு அவரிடம் மார்க்கே கேட்கவில்லை. இருமினா எங்க பிடிக்குது, கைய வச்சுக் காட்டுங்கப்பா என்றாள். காட்டப்போன கை பாதியிலேயே நின்றுவிட்டது, கண்ணில் தண்ணீர். கேட்டால் தூசியாம். மூடிய ஜன்னல், துடைத்த தரை, இவர் கண்ணுக்கு மட்டும் தூசி. ஊசி வேலை செய்ததும் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடிக்கவைத்து இருமவைத்தாள். முதல் இருமலுக்கு வார்டே திரும்பிப் பார்த்தது, லாரி டிரைவர் கைதட்டினார். இப்போது காய்ச்சல் விட்டுவிட்டது. இரண்டு பந்து மேலே போகிறது, மூன்றாவதும் போனால் முழு மார்க் ஆகிவிடும், அதை அவரே விடமாட்டார் என்று நினைக்கிறேன்.

சரி, உன் கதைக்கு வருகிறேன். லேசாத்தான் இருக்கு, நீ ஒண்ணும் வரவேண்டாம் என்று அவர் போனில் சொன்னாராம், நீயும் சமர்த்தாகச் சரிப்பா என்றாயாம். அந்த நர்ஸாவது வெளியாள், தெரியாமல் ஏமாந்தாள். அவர் கையால் நாலு வாங்கிக்கொண்டு ராத்திரி சாப்பிடாமல் படுத்தவள் நீ. அவர் லேசு என்றால் என்ன அர்த்தம் என்று உனக்குமா பாடம் நடத்த வேண்டும்?

நேற்று அவரை வராந்தாவில் நடத்திக் கூட்டிப்போகும்போது சும்மா கேட்டுவைத்தேன், பொண்ணப் பாக்கணும்னு பத்துக்கு எத்தனை இருக்கு என்று. வராந்தா முனை வரை கூரையைப் பார்த்துக்கொண்டே நடந்தார். திரும்பும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு நின்று, அஞ்சு என்றார். வயிற்றைக் கிழித்ததற்கே ரெண்டு போட்ட மனுஷன்.

நீ நல்லபடியாக, நோய்நொடி இல்லாமல் இருக்க வேண்டும். வேளாவேளைக்குச் சாப்பிடு. டிக்கெட் போட்டதும் என்னிடம் மட்டும் சொல், அவரிடம் கேட்காதே, வேண்டாம் என்பார்.

இப்படிக்கு,
தனக்கு எத்தனை மார்க் என்று அவரிடம் கேட்க இன்னும் துணிச்சல் வராத
உன் அம்மா