பிரியாணிக்குப் பிறகு ஏறி ஆடிய ஆட்டம்

திருவையாறு
ஜூன் 16

அன்பு மகன் ஆல்பினுக்கு,

அம்மா எழுதுவது. கோடி அற்புதர் அந்தோணியார் தயவில் நானும் அப்பாவும் சுகம், பசுவும் சுகம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சுகமாயிருக்க வேண்டிக்கொள்கிறேன். போனில் சொன்னால் குறுக்கே குறுக்கே பேசுவாய், அதனால்தான் கடிதம். அடுத்த தெரு ஷமீரா நர்ஸ் வேலைக்கு நீ இருக்கிற ஜெர்மனிக்கே கிளம்புகிறாள், பருப்புப் பொடியோடு கொடுத்தனுப்புகிறேன்.

அந்தோணியார் திருவிழா ஃபுட்பால் மேட்சுக்கு நீ படம் போட்டு அனுப்பிய திட்டத்தை நம் பையன்கள் அப்படியே ஆடினார்கள். பந்து போனால் பின்னால் ஓடி வராதே, அவர்கள் கோல் பக்கமே மொய்த்துப் பிடுங்கு என்றாயே, முதல் பாதியில் முத்துப்பேட்டைக்காரர்களால் தலை நிமிரவே முடியவில்லை, அவர்கள் கோலி பதறிப்போய் நம் பரிதி காலுக்கே பந்தைக் கொடுத்தான், மளமளவென்று இரண்டு கோல். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஆனால் இந்த ஆட்டத்துக்கு எவ்வளவு மூச்சு வேண்டும் என்று நீ எழுதவில்லை, நானும் மதியம் திருவிழாப் பந்தியில் பதினொரு பேருக்கும் இரண்டாம் தடவை பிரியாணி வைத்துவிட்டேன், பிள்ளைகள் ஓடப் போகிறார்களே என்ற நல்ல எண்ணம்தான். இரண்டாம் பாதியில் ஒருவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டால் மற்றவன் ஓடி என்ன பயன், நடுவில் வழி திறந்துவிடுகிறது. ஏறிப்போன டிஃபென்டர்களுக்குப் பின்னே பாதித் திடல் காலி. முத்துப்பேட்டைக்காரர்கள் தலைக்கு மேலே தூக்கி அடித்தார்கள், நம் கோலி கம்பத்தை விட்டு அசையவில்லை, இரண்டுக்கு இரண்டு.

நீ வேலையை விட்டுவிட்டு கோச் படிப்புக்குப் போனதிலிருந்து எட்டு மாதமாக உன் பெயரையே எடுக்காத அப்பா, அதுவரை வண்டியில் சாய்ந்து எங்கோ பார்ப்பதுபோல நடித்துக்கொண்டிருந்தவர், பொறுக்கமாட்டாமல் கோட்டருகே வந்துவிட்டார். "டேய் தமிழு, எல்லாரும் ஏறிப் போயிட்டா கோல அந்தோணியாரா பாத்துப்பாரு?" என்று கேப்டன் தமிழரசனைச் சத்தம் போட்டு நாலு பேரைப் பின்னால் இழுத்தார். முத்துப்பேட்டைக்காரர்கள் அவர்கள் பக்கத்து மூலையில் வெளியே போன பந்தைக் கையால் த்ரோ போடும்போது மட்டும் பாய்ந்து மொய்க்கச் சொன்னார். கடைசி நிமிடம் அப்படி ஒரு த்ரோவில் பிடுங்கித்தான் பரிதி மூன்றாவதை அடித்தான். நான் அழுதே விட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் உன் படத்தை என் போனில் கேட்டு வாங்கி வெகுநேரம் பார்த்தார். "மோசமில்ல, கோலிய இன்னும் முன்னாடி நிக்க வைக்கணும்" என்றார். இன்று பசுவுக்குத் தவிடு வைத்துக்கொண்டே, "அவனுக்கு அங்க இப்ப மணி என்னா?" என்று கேட்டார்.

வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. ஆண்டவர் உன்னைக் கண்மணிபோலக் காப்பாராக. இது கிடைத்ததும் வருகிற ஞாயிறு பூசை முடிந்து கூப்பிடு. என் போனுக்கு வேண்டாம், அப்பா போனுக்கு. எடுப்பார்.

இங்கிருந்தே உன் நெற்றியில் சிலுவை வரையும்
அம்மா ஆரோக்கியம்