விளையாட்டுக்காக வேண்டிய மொட்டை

மார்ச் 9, ஞாயிறு. புத்தூர்.

காலையில் திருமலையில் மொட்டை போட்டுக்கொண்டு வந்தேன். வருடக்கணக்கில் தள்ளிப்போன எங்கள் கம்பெனியின் வீடியோ கேம் வெளியானால் முடி தருவதாக வேண்டிக்கொண்டிருந்தேன். போன மாதம் வெளியானது. வாங்கியவர்களெல்லாம் திட்டுகிறார்கள்.

வீட்டில் தனசேகர் காத்துக்கொண்டிருந்தான். பள்ளிக்கூடத்திலிருந்தே சிநேகிதன். நான் வேலை செய்த கேம் என்பதற்காகவே முதல் நாளே வாங்கியவன்.

"குதிரை ஓடசொல்ல தரைக்குள்ள பூந்துடுதுடா. செக் பண்றவன் நீதானே, உனுக்குத் தெரியாதா?"

தெரியாது என்றேன். அந்தக் கோளாறைக் கண்டுபிடித்துப் புகார்ப் பட்டியலில் எழுதியதே நான்தான். தேதியை இனியும் தள்ள முடியாது என்று மேனேஜர் சொன்னதும், சரிசெய்யாமலே, சரிசெய்தாகிவிட்டது என்று குறித்து அதை மூடியதும் நான்தான்.

அப்பாவை நைனா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். அவர் என் தலையில் சந்தனம் தடவிக்கொண்டே கேட்டார்.

"சாமிகிட்ட இன்னான்னு வேண்டிக்கின?"

"கேம் வெளிய வரணும்னு."

"நல்லா வரணும்னு கேக்கலியா?"

தனசேகர்தான் எனக்காகப் பேசினான்.

"உடு நைனா. அவன் இன்னா பண்ணுவான், அவனுக்கே தெரியாதாம்."

சந்தனம் காய்ந்து தலை இழுக்கிறது. இன்னும் கழுவவில்லை.