வாய் பொருந்தாத ஸ்பானர்

1923 மார்ச் 6, செவ்வாய்

சீட்டுக்கு அடியில் கிடந்த வீல் ஸ்பானரைக் காணோம். ஜாக்கி இருக்கிறது, காற்றடிக்கும் பம்பு இருக்கிறது. சக்கரத்து நட்டைக் கழற்றுவது மட்டும் இல்லை. டன்லப் ஸ்ட்ரீட் பின்புறம் இந்தக் கொட்டகையில் நிற்பது இரண்டே வாடகை மோட்டார். ஒன்று என்னுடையது, மற்றது யாக்கூப் பாயுடையது. இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே அளவு நட்டு. வேறு யாருக்கு அது உதவும்?

மார்ச் 7

கேட்டேன். "இல்லையே அண்ணே, நான் பார்க்கல. வாங்குற வரைக்கும் என்னோடதை வச்சுக்குங்க" என்று யாக்கூப் பாய் நீட்டினார். உடனே நீட்டினார்! வாங்கிப் புரட்டிப் புரட்டிப் பார்த்தேன். அடையாளம் ஏதும் இல்லை. என்னுடையதிலும் நான் எதுவும் போட்டுவைக்கவில்லை. வேண்டாம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். என் பொருளையே எனக்கு இரவல் தருகிறாரோ?

மார்ச் 9

ஆர்ச்சர்ட் ரோட்டு மோட்டார்க் கம்பெனியில் புதுசு ஆறு வெள்ளி டாலர். கண்ணாடிப் பெட்டிக்குள் பார்த்ததோடு சரி.

யாக்கூப் பாய் யோசனை சொன்னார். சுங்கை ரோட்டில் ஒரு சீனக் கொல்லராம். "ஒரு நட்டைக் கழற்றிக் குடுத்தா, அதுக்கு அளவா அடிச்சுத் தருவார் அண்ணே. ஒன்றரை வெள்ளிதான். ஒரு வாரம் ஆகும்."

என் வண்டி நட்டு ஒரு வாரம் வேறொருவன் கையில் இருக்க வேண்டுமாம். இவருக்கு எதற்கு இவ்வளவு அக்கறை? கொல்லரிடம் கமிஷன் இருக்கும்.

மார்ச் 12

வாங்கிவிட்டேன். ரோச்சோர் கால்வாய் ஓரத்துப் பழைய இரும்புக் கடையில், எண்பது காசு. கப்பலில் இருந்து வந்த சாமானாம். நீளமான பிடி, கனத்த இரும்பு. நட்டில் மாட்டினால் கொஞ்சம் ஆடுகிறது. பரவாயில்லை, தினம் காலையில் ஒரு சுற்று முடுக்கிக்கொண்டால் போதும். யாரும் சொல்லிப் போகாத கடை என்பதே எனக்குப் போதும்.

மார்ச் 14

யாக்கூப் பாய் கண்ணில் பட்டுவிட்டது. "வாய் பெருசு அண்ணே. நட்டு முனையெல்லாம் மழுங்கிடும். இறுகின மாதிரி இருக்கும், ஆனா இறுகியிருக்காது."

"உங்க வேலையைப் பாருங்க பாய்" என்றேன். போய்விட்டார்.

தன் கொல்லரிடம் நான் போகவில்லை என்ற எரிச்சல்.

மார்ச் 19

பாய்க்கு இன்று நான்கு சவாரி. எனக்கு ஒன்று.

மார்ச் 23

விடிந்து கொண்டிருந்தது. முகம் கழுவ வந்தவன் பார்த்தேன் – என் வண்டியின் பின்சக்கரத்தருகே யாக்கூப் குத்த வைத்து உட்கார்ந்திருக்கிறான், கையில் ஸ்பானரோடு! என்னைக் கண்டதும் எழுந்து போய்விட்டான்.

ஓடிப்போய் நான்கு சக்கரத்தையும் பார்த்தேன். எல்லா நட்டும் இறுக்கமாகத்தான் இருந்தன. கழற்ற ஆரம்பிப்பதற்குள் நான் வந்துவிட்டேன் போலிருக்கிறது.

செல்லக்கண்ணுவிடம் சொன்னேன். "நேரா கேட்டுட வேண்டியதுதானே" என்கிறாள். பெண்டாட்டிக்குக்கூட என் பயம் புரியவில்லை. கேட்டால் ஒத்துக்கொள்வானா? கையும் களவுமாகப் பிடிக்க வேண்டும்.

மார்ச் 25, ஞாயிறு

பிடித்துவிட்டேன். அதே சக்கரம், அதே நேரம். மணிக்கட்டைப் பற்றித் தூக்கினேன்.

"முடுக்கினேன் அண்ணே. லூசா இருந்துச்சு."

"உன்னை எவன்டா கேட்டான்?"

"நீங்க முன்னாடி போகும்போது உங்க சக்கரம் ஆடுறதைப் பார்த்தேன். சொன்னா சண்டைக்கு வருவீங்கன்னுதான்..."

திருட்டுப் பயலே என்று கத்தினேன். என் பிழைப்பைக் கெடுக்கப் பார்க்கிறாயா என்று கத்தினேன். பால்காரர்கள், சுருட்டுக் கடைக்காரர், தெருவே கூடிவிட்டது. அவன் ஸ்பானரை எடுத்துக்கொண்டு தன் வண்டிக்குப் போய்விட்டான். குற்றவாளி எப்படி நிற்பான்?

மத்தியானம் கொட்டகையில் அவன் வண்டி இல்லை. கம்போங் கிளாம் பக்கம் இடம் பிடித்துவிட்டானாம்.

மார்ச் 26

கொட்டகை முழுதும் எனக்குத்தான். இனி நிம்மதி.

மார்ச் 31

எழுத மனம் வரவில்லை. இருந்தாலும் எழுதிவிட வேண்டும்.

காலையில் மருத்துவச்சி ஆமினா பீவி வந்தார். காத்தோங்கில் ஒரு பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது, சீக்கிரம் போ தம்பி என்றார். கேலாங் தாண்டி வேகமாகப் போனேன். பின்னால் கடகடவென்று சத்தம். என்ன என்று நினைப்பதற்குள் வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. என் சக்கரம் எனக்கு முன்னால் உருண்டு போய்த் தென்னை மரத்தில் மோதியது.

எனக்கு ஒரு கீறலும் இல்லை. ஆமினா பீவி ரோட்டோரம் விழுந்து கிடந்தார். வலது மணிக்கட்டு முறிந்து தொங்கியது. அழவில்லை அவர். முந்தானையைக் கிழித்து நீட்டி, "இறுக்கிக் கட்டு" என்றார். கட்டினேன். "ரிக்‌ஷா ஒண்ணை நிறுத்து."

"ஆஸ்பத்திரிக்குப் போகலாம்மா."

"அங்கே ஒருத்தி எனக்காகக் காத்துக் கிடக்கா. நிறுத்துடா!"

போய்விட்டார். இடது கையாலும், பக்கத்தில் இருந்தவர்களுக்கு வாயால் சொல்லிக்கொடுத்துமே பிரசவம் பார்த்தாராம். ஆண் குழந்தை. சாயங்காலம்தான் செய்தி வந்தது. அதுவரை நான் சோறு தொடவில்லை.

ஏப்ரல் 1

ரோட்டில் பொறுக்கிய மூன்று நட்டுகளை மேசைமேல் வைத்திருக்கிறேன். முனைகள் தேய்ந்து ஏறக்குறைய உருண்டை ஆகியிருக்கின்றன. இரண்டு கிடைக்கவேயில்லை.

யாக்கூப்பின் வேலைதான் என்று நேற்று முழுக்க மனம் சொல்லிக்கொண்டிருந்தது. ஆனால் சக்கரம் கழன்றபோது அவர் போய் ஆறு நாள் ஆகியிருந்ததே. இந்த ஸ்பானரை வாங்கியது பன்னிரண்டாம் தேதி. அதற்குப் பிறகு பதிமூன்று நாள் அவர் இங்கே இருந்தார். அந்தப் பதிமூன்று நாளும் சக்கரம் நின்றது. அவர் போன பிறகு ஆறே நாளில் கழன்றது.

அப்படியென்றால் தினமும் அவர் வந்து முடுக்கினாரா?

என்ன மனுசன்டா நான்.

ஏப்ரல் 3

சுங்கை ரோட்டுக் கொல்லரிடம் போனேன். எண்பது காசு ஸ்பானரை நட்டில் மாட்டி, என் காதருகே வைத்துக் கடகடவென்று ஆட்டிக் காட்டினார். மலாயில் ஏதோ சொல்லிச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. புது நட்டுகளும் அவற்றுக்கு அளவான ஸ்பானரும் செய்யச் சொன்னேன்.

"யாக்கூப் அனுப்பினார்" என்றேன்.

"எந்த யாக்கூப்?" என்றார்.

அவர் பெயர்கூட இவருக்குத் தெரியாது.

ஏப்ரல் 10

ஸ்பானர் வந்தது. நட்டில் வைத்தால் கச்சிதமாக உட்காருகிறது, இம்மியும் ஆட்டம் இல்லை. காலால் மிதித்து முடுக்கினாலும் நழுவவில்லை.

ஆமினா பீவியைப் பார்க்கப் போனேன். கையில் மூங்கில் பத்தை வைத்துக் கட்டியிருக்கிறார்கள். கை கூடும்வரை எங்கே கூப்பிட்டாலும் நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். "சரி" என்றார். பிறகு, "என்கிட்ட வந்துட்ட. அந்த மனுசன்கிட்ட போனியா?" என்று கேட்டார்.

வண்டியை எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

முதலில் காணாமல் போன என் ஸ்பானரை எடுத்தது யார்? இன்றுவரை தெரியவில்லை. தெரியாமலே போகட்டும்.

ஏப்ரல் 12

கம்போங் கிளாம். பள்ளிவாசலுக்குப் பின்புறம் ஒரு வேப்பமரத்து நிழலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் போய் நின்றேன். அவர் அடுத்த கதவைத் துடைக்கப் போனார்.

"பாய், தப்புப் பண்ணிட்டேன்."

துணியைப் பிழிந்தார்.

"தெருவுல வச்சுச் சொன்னேன். தெருவுல வச்சே மன்னிப்புக் கேட்கிறேன், வாங்க."

"அந்தம்மா கை எப்படி இருக்கு?" என்றார். செய்தி இங்கேயும் வந்திருக்கிறது.

சொன்னேன். கேட்டுக்கொண்டு மறுபடி துடைக்கப் போய்விட்டார். மன்னித்தேன் என்று சொல்லவில்லை. கேட்கவும் எனக்குத் துணிவில்லை.

ஏப்ரல் 15, ஞாயிறு

காலையில் செல்லக்கண்ணு, நானும் வருகிறேன் என்று பின்சீட்டில் ஏறிக்கொண்டாள். கம்போங் கிளாமுக்கே வண்டியைக் கொண்டுபோனேன். வேப்பமரத்தடியில் பாய் வண்டிக்குப் பக்கத்தில் ஒரு இடம் காலியாக இருந்தது. தள்ளியே நிறுத்தினேன், வெயிலில்.

பாய் எட்டிப் பார்த்தார். தன் வண்டியை இரண்டடி நகர்த்தினார்.

"இன்னும் உள்ளே விடுங்க அண்ணே. டயர் வெயில்ல காயுது."