கனகம் பாடம் முடியும் வரைக்கும்

ஜனவரி 19, 2025, பென்னலூர்

எழுத்து கோணலாக இருக்கிறது. மன்னிக்கவும். யாரிடம் கேட்கிறேன்? படிக்கப்போவது நான்தான். நாளைக்கு இதைப் படித்துத் திண்டாடப்போகிற கன்னியப்பனிடம் கேட்கிறேன். ஒரு வரி மேலே ஏறுகிறது, அடுத்த வரி சரிந்து விழுகிறது. இவ்வளவு எழுதுவதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறட்டும். எழுபது தாண்டி என் பெயரை நானே எழுதிவிட்டேன்!

ஜனவரி 26

எப்படிக் கற்றேன் என்று எழுதி வைக்கிறேன். மாடி அறையில் குடியிருக்கும் முத்துச்செல்வி, கோவில்பட்டிப் பெண், என் போனில் ஒரு படிப்பு ஆப் போட்டுக் கொடுத்தாள். அவளுக்கு ஒரகடத்தில் கம்ப்யூட்டர் வேலை. லீவு நாளில் கூட்டாளிகளோடு சேர்ந்து இந்த ஆப்பைக் காசு வாங்காமல் செய்கிறாள். நான் எல்லாப் பாடமும் முடித்துவிட்டேன். என் மனைவி கனகம் பாதியில் இருக்கிறாள். இருவருக்கும் ஒரே போன், மகன் சுபாஷ் கழித்துப் போட்டது. இங்கே எல்லா வீட்டிலும் அப்படித்தான். போனஸ் வந்தால் பிள்ளைக்குப் புதுசு, பழசு அப்பனுக்கு.

பிப்ரவரி 2

ஐயோ.

போனில் ஒரு கட்டம் வந்தது. பு-து-ப்-பி-க்-க-வு-ம். யாரும் சொல்லித்தராமல் நானே படித்தேன்! அந்தக் குஷியில் அமுக்கியும் விட்டேன். அதோடு சரி. ஆப்பைத் திறந்தால் வெறும் வெள்ளை.

"படிக்கத் தெரியாத வரைக்கும் ஒய்ங்கா இருந்தே. நாலு எய்த்து தெரிஞ்சதும் கைய வெச்சிட்டே பாரு" என்றாள் கனகம். சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. "அப்போ எம்பாடம் அவ்ளோதானா?"

பிப்ரவரி 3

செல்வியிடம் போனைக் காட்டினேன்.

"தப்பு எங்க மேலதான் தாத்தா. பழைய போனுக்கு அந்தக் கட்டமே வந்திருக்கக்கூடாது."

நாங்க எழுதுறத போனுக்குப் புரியுற மாதிரி மாத்துற கருவி ஒண்ணு இருக்கு, கம்பைலர்னு பேரு, இப்ப வந்த புதுசு பழைய போனைச் சேத்துக்கிடாது என்றாள்.

"பழைய கம்பைலரையே வெச்சிக்கினா இன்னாம்மா?"

"வச்சா ஒவ்வொரு வேலையும் ரெண்டு மட்டம் செய்யணும். கண்ணு தெரியாதவங்களுக்குக் குரல் பாடம் செய்யணும்னு ஒரு வருசமா கிடக்கு. செய்ய இருக்கது நாங்க அஞ்சு பேரு தாத்தா."

நியாயம்தான். கண் தெரியாதவரைக் காக்கவைத்துவிட்டு நாங்கள் படிப்பதா? ஆனால் கனகம்?

சுபாஷ் புதுப் போன் வாங்கித் தருகிறேன் என்றான். கனகம் மாட்டேன் என்றுவிட்டாள். "எனக்கு நீ வாங்குவே. எதிர்வூட்டுப் பாப்பம்மாளும் இதுலதான் படிக்கிறா, அவளுக்கு எவன் வாங்குவான்?"

பிப்ரவரி 9

செல்வியின் கூட்டாளிகள் போனில் கூடிப் பேசினார்கள். எங்களையும் உட்காரவைத்தாள். நரசிம்மன் என்கிற பையன் பழசைக் கைவிட வேண்டும் என்கிற கட்சி. நல்ல மரியாதையாகப் பேசினான். "பழைய போன்ல இருக்கறவங்க நூத்துக்கு அஞ்சு பேருதான் தாத்தா."

"அந்த அஞ்சு பேருதாம்பா இன்னும் படிக்காதவங்க" என்றேன். பிள்ளை கழித்துப் போட்ட போன் எங்கே வந்து சேருகிறது என்று சொன்னேன்.

அவன் யோசித்தான். "சரி, எத்தனை வருஷத்துக்குப் பழசைத் தூக்கிட்டுத் திரியறது?"

கனகம் எட்டிப் பார்த்தாள். "ஏம்பா, வருசக்கணக்கா எவன் கேட்டான்? எம்பாடம் முடியற வரைக்கும் வுட்டு வெய்யி. புதுசா ஒண்ணும் சேக்காத. இருந்தது இருந்தா போதும்."

எல்லோரும் சிரித்தார்கள். செல்வி சிரிக்கவில்லை. "பாட்டி சொல்லுதது நடக்கும்ல? பழசை இப்ப இருக்க மாதிரியே விட்டுருவோம். பாடம் மொத்தத்தையும் போனுக்குள்ளயே வச்சிருவோம். அதுக்கப்புறம் அதத் தொடவே வேண்டாம்."

"தொடமாட்டோம்னா எனக்குச் சரி" என்றான் நரசிம்மன். "ஆனா அதுல எதாவது கெட்டா யாரும் சரி பண்ண மாட்டோம். டிசம்பரோட எடுத்துடுவோம்."

"அதுக்குள்ள முட்சிட்றேன்டா கண்ணு" என்றாள் கனகம்.

பிப்ரவரி 16

ஆப் திறந்தது. போனைத் தொட எனக்கு அனுமதி இல்லை.

மார்ச் 30

கனகம் 'ழ'வில் நிற்கிறாள். பாப்பம்மாள் அவளை முந்திவிட்டாளாம். அவளைப் பிடிக்கும் மும்முரத்தில் வீட்டில் ரசம் மட்டும்.

மே 11

குன்றத்தூர் முருகனைப் பார்க்கப் பஸ்ஸில் போனோம். பாடம் முடித்த கனகம் ஜன்னலோரம். ஸ்ரீபெரும்புதூர் தாண்டியதும் ஆரம்பித்தாள். ஆட்கள் தேவை. பஞ்சர் போடப்படும். ஆண்கள் தங்கும் விடுதி. ஒரு போர்டை விடவில்லை. பஸ் முழுக்கக் கேட்கும்படி சத்தமாக.

கண்டக்டர் கும்பிட்டார். "ஸ்டாப்பிங் பேரையாவது எனக்கு வுடும்மா."

இரவு செல்வி கீழே வந்தாள். குரல் பாடம் வெளியாகிவிட்டதாம், புதுப் போன்களுக்கு. கனகம் கேட்டாள்: "அப்போ அந்தப் பழசை இப்பவே எடுத்துடுவீங்களா?"

"டிசம்பர் வரைக்கும் இருக்கும் பாட்டி. இன்னும் யாராவது பாதியில நிப்பாங்கல்லா."

நான் இதை எழுதும்போது கனகம் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுப் படிக்கிறாள். ரசம் என்று எழுதியதற்கு இப்போதுதான் திட்டு விழுந்தது. அடுத்த வாரத்திலிருந்து இந்த நோட்டில் ஒவ்வொரு பக்கத்திலும் மேல் பாதி அவளுக்காம். சரி, மிச்சம் விட்டால் கீழ்ப்பாதியில் நான் எழுதுகிறேன்.