எங்கள் மஞ்சள் விமானம் பறக்காத கோடை

12 மார்ச் 2005, சனி

இங்கே நோர்வேயில், ஷெல்லர் விமானத் திடலில் இன்னும் முழங்கால் அளவு பனி. கொட்டகைக் கதவைத் திறப்பதற்கே நானும் இவரும் நெடுநேரம் அள்ளிக் கொட்ட வேண்டியிருந்தது. உள்ளே எங்கள் இரண்டு இருக்கை விமானம் பைப்பர் கப், தூசி பிடித்த மஞ்சளில். 1946இல் செய்தது, எங்கள் இருவரையும்விட மூத்தது. குளிர்காலம் முடிந்து இன்றுதான் எஞ்சினை இயக்கினோம். பற்றரி இல்லாத விமானம். ஒருவர் உள்ளே பிரேக்கை மிதித்துக்கொண்டிருக்க, மற்றவர் மூக்கின் முன்னால் நின்று மரவிசிறியைக் கையால் இழுத்துச் சுற்றிவிட வேண்டும். ஒன்பது வருடமாக அந்த மற்றவர் நான்தான். இன்று மூன்றாம் இழுப்பில் பிடித்தது. இவர் உள்ளேயிருந்து சிரித்தார். ஜனவரியில் இன்சுலின் தொடங்கியபின் இவர் இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

இன்சுலின் போடுகிறவர் விமானம் ஓட்டக்கூடாது. அது சட்டம். இவருக்கும் தெரியும். திரும்பி வரும்போது வானிலையைப் பற்றிக் கதைத்தோம்.

20 மார்ச், ஞாயிறு

ஹொல்ம்லியா மண்டபத்தில் ஒரு பிறந்தநாள். எங்கள் ஊர் இராசதுரை அண்ணை வழக்கம்போலத் தொடங்கினார். "அங்கை பிளேன் சத்தம் கேட்டா பங்கருக்கை ஓடினனாங்கள். ரவி இஞ்சை காசு குடுத்து ஒண்டை வாங்கி, லீவு நாளிலை துடைச்சு வைக்கிறான்." எல்லோரும் சிரித்தார்கள். இவரும்.

நானும் ஓடியவள்தான். எண்பத்தேழில் ஊரில் இராணுவம் எங்கள் மேல் குண்டு போட்டதும் இப்படிச் சின்ன விசிறி விமானம்தான். முதலில் வட்டமிடும், அந்த இரைச்சல்தான் குண்டைவிட மோசம். இவர் இதை வாங்கிய புதிதில், விசிறியைச் சுற்றிவிட்டு ஒதுங்கி நின்று காதைப் பொத்துவேன். இறக்கைகளைப் போர்த்திய துணியை நாங்களே மாற்றிய இரண்டு குளிர்காலத்தில்தான் அந்தப் பயம் போனது. ஒவ்வொரு சட்டத்தோடும் துணியை மெழுகு நூலால் சேர்த்துத் தைத்தவள் நான். நான் தைத்த ஒன்றுக்கு என்னால் பயப்பட முடியவில்லை.

துணி மாற்றி முதல்முதல் பறந்த அன்று இவர் சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்தார். பக்கத்துக் கொட்டகைக் கிழவர் ஒட்வார், ரப்பரைத் துடைக்கவா என்று கேட்டார். விளக்கினோம். அடுத்த வசந்தத்தில் அவர் தன்னுடையதற்கும் ஒரு எலுமிச்சம்பழம் வாங்கி வந்திருந்தார்.

7 ஏப்ரல், வியாழன்

விமானிகளைச் சோதிக்கும் வைத்தியரிடம் போய்வந்தார். இன்னும் ஒரு வருடத்துக்கு அனுமதி.

"இன்சுலின் எண்டு சொன்னீங்களோ?"

"கேட்டாத்தானே சொல்லுறது."

"கேட்டிருப்பினம்."

"நீர் ஆஸ்பத்திரியிலை ஆக்களின்ரை ரத்தம் பாக்கிறது காணும். வீட்டிலை என்னைப் பாக்க வேண்டாம்."

ஆய்வுகூடத்தில் நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் சீனி அளவைப் பார்க்கிறேன். யாருக்காவது குறைந்திருந்தால் உடனே தொலைபேசி எடுத்து வார்டுக்குச் சொல்லவேண்டும். அதுதான் விதி. வீட்டில் யாருக்கு எடுப்பது?

24 ஏப்ரல், ஞாயிறு

காலை மேசையில் வெண்ணெய் பூசிய கத்தியைப் பிடித்தபடி என்னை யாரோ மாதிரிப் பார்த்தார். நெற்றியெல்லாம் வியர்வை. "ரவி" என்று கூப்பிட்டேன், பதில் இல்லை. சீனி குறைந்துவிட்டது என்று தெரிந்து தோடம்பழச் சாற்றைப் பருக்கினேன். பாதி சட்டையில் ஊற்றுப்பட்டது. கொஞ்ச நேரத்தில் தெளிந்து, "ஒண்டுமில்லை. ராத்திரி நித்திரை காணாது" என்றார்.

அடுத்த மாதம் மகள் யதுர்ஷாவை விமானத்தில் மேலே கொண்டுபோவதாகச் சொல்லியிருக்கிறார். அவளுக்குப் பதினான்கு வயது. அவள் முன் இருக்கை. இவர் பின்னால் இருந்துதான் ஓட்டுவார். பின்னால் அப்பாவின் முகம் இப்படி மாறினாலும் பிள்ளைக்குத் தெரியாது.

3 மே, செவ்வாய்

பறக்கவேண்டாம் என்று இன்றும் சொல்லிப் பார்த்தேன். "சும்மா இரும்" என்றார். இருந்தேன்.

14 மே, சனி

எழுதிவிட வேண்டும். எழுதாவிட்டால் நாளைக்கு வேறு மாதிரி ஞாபகம் வரும்.

நல்ல வெயில். நீண்ட விடுமுறை என்பதால் திடலில் நிறையச் சனம். இவர் காலையில் ஊசி போட்டுவிட்டு, அவசரத்தில் அரைத் துண்டு பாண் மட்டும் சாப்பிட்டார். யதுர்ஷா முன் இருக்கையில் பட்டி கட்டியிருந்தாள். இவர் பின்னால். நான் விசிறிக்கு முன்னால்.

"கொன்டாக்ட்" என்றார், விசிறியைச் சுற்றலாம் என்பதற்கான சொல். நான் கையைத் தூக்கவில்லை.

"தேவி, கேக்கேல்லையோ?"

"கேட்டது."

"பிறகென்ன, சுத்துமன்."

"மாட்டன்."

யதுர்ஷா தலையை வெளியே நீட்டினாள். "அம்மா, எல்லாரும் பாக்கினம். பின்லி அம்மா." வெட்கக்கேடாம்.

இவர் ஒட்வாரைக் கூப்பிட்டார். அவர் கையைத் துடைத்துக்கொண்டு வந்து விசிறியில் கை வைத்தார். பிறகு என்னைப் பார்த்து, நீ ஏன் சுற்றவில்லை என்று கேட்டார். இவர் இன்சுலின் போடுகிறார் என்று சொன்னேன். நோர்வேஜிய மொழியில் அது மூன்றே சொல்.

ஒட்வார் விசிறியிலிருந்து கையை எடுத்தார். குனிந்து, சில்லுகளுக்கு முன்னால் தடைக் கட்டைகளைத் திரும்ப வைத்தார்.

இவர் இறங்கி, நான் நின்ற பக்கம் பார்க்காமல் நடந்தார். காரில் யதுர்ஷா பின்னால் இருந்து அழுதுகொண்டு வந்தாள்.

15 மே, ஞாயிறு

மூன்று பேருக்கும் தேநீர் போட்டேன். என்னுடையதை மட்டும் குடித்தேன்.

2 ஜூன், வியாழன்

இவர் தானாகவே வைத்தியருக்கு உண்மையைச் சொல்லி அனுமதிப் பத்திரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டாராம். ஒட்வார் தொலைபேசியில் சொல்லித்தான் எனக்குத் தெரியும். வீட்டில் உப்புக் காணாது, கறி ஆறிவிட்டது — அவ்வளவுதான் என்னோடு கதை.

இராசதுரை அண்ணைக்கும் எட்டிவிட்டது. கடையில் கண்டபோது, "ஊரிலை பிளேனை விழுத்த இயக்கத்துக்கு மிசைல் வேண்டியிருந்தது. தங்கச்சி சும்மா நிண்டே விழுத்திப்போட்டியாம்" என்றார். நான் கத்தரிக்காய் தெரிந்தெடுத்துக்கொண்டிருந்தேன். கத்தரிக்காயையே தெரிந்தெடுத்தேன்.

இரவில் எனக்குள்ளேயே வழக்கு. அத்தனை பேருக்கு முன்னால் செய்திருக்க வேண்டுமா? பிள்ளைக்கு முன்னால்? வீட்டிலேயே மறித்திருக்கலாமே, மரியாதையாவது மிஞ்சியிருக்கும். — எப்பிடி மறிக்கிறது? நான் கேட்டனான், கெஞ்சினனான், மனுசன் காது குடுக்கேல்லை. பிள்ளையை ஏத்தி வைச்சுக்கொண்டு சுத்து எண்டா நான் என்ன செய்யிறது? என்ரை கையாலை சுத்தி விடுறதோ?

21 ஓகஸ்ட், ஞாயிறு

கோடை முழுக்க விமானம் கொட்டகைக்குள். இவர் ஒவ்வொரு வார இறுதியும் தனியே போய்த் துடைத்துவிட்டு வருவார். இன்று சாப்பிடும்போது, "விக்கப்போறன்" என்றார். துரொண்ட்ஹெய்மில் ஒருவர் கேட்கிறாராம்.

"ஒட்வார் ஓட்டட்டும். நீங்கள் முன்னாலை இருந்து பறக்கலாமே."

"என்ரை பிளேனிலை நான் சாமான் மாதிரி இருக்கேலாது."

யதுர்ஷா கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். மே மாதத்துப் பார்வை இல்லை. என்ன பார்வை என்று தெரியவில்லை.

28 ஓகஸ்ட், ஞாயிறு

இவருக்கு இந்த ஞாயிறு வேலை, அந்த நேரம் ஷெல்லருக்குப் போனேன். ஒட்வார் கதவைத் திறந்துவிட்டு வெளியே நின்றுகொண்டார். இறக்கையின் அடியில் உள்ளங்கையை வைத்துத் தடவினேன். என் தையல் ஒவ்வொன்றும் கையில் தட்டுப்பட்டது. ஒரு இடத்தில் நூல் கொஞ்சம் கோணல். அன்று யதுர்ஷாவுக்குக் காய்ச்சல், அவசரமாகத் தைத்தது. அதைப் பிரித்துத் தைக்கவேண்டும் என்று சொல்லிச் சொல்லியே வருடங்கள் போய்விட்டன. இனி துரொண்ட்ஹெய்ம்காரர் பார்த்துக்கொள்ளட்டும்.

வெளியே வந்தபோது ஒட்வார் என் தோளில் கை வைத்தார். அழக்கூடாது என்று நினைத்திருந்தேன்.

17 செப்டெம்பர், சனி

இன்று கையளிக்கும் நாள். காரை எடுக்காமல் ரெயினில் தனியே போனார். வாரும் என்று கூப்பிடவில்லை. நான் உடுப்புத் தோய்த்தேன், காய்ந்ததை மடித்தேன், மடித்ததை மீண்டும் மடித்தேன்.

மத்தியானத்துக்குப் பிறகு தொலைபேசி.

"தேவி." மே மாதத்துக்குப் பிறகு இன்றுதான் பேர் சொல்லிக் கூப்பிடுகிறார். "லில்லெஸ்ட்ரோம் ஸ்ரேசனிலை நிக்கிறன். சீனி குறைஞ்சுபோச்சு. கை நடுங்கினது."

"இனிப்பு ஏதும் இருக்கோ?"

"கடையிலை கோலா வாங்கிக் குடிச்சிட்டன். இப்ப பரவாயில்லை."

"பக்கத்திலை ஆரும் நிக்கினமோ?"

"இல்லை. ஒண்டுமில்லை, தேவி. சொல்லுவம் எண்டு எடுத்தனான்."

சீனி அளவுக் கருவியைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ரெயின் பிடித்தேன். மேடையின் கடைசி வாங்கில் இருந்தார். பக்கத்தில் வெறும் போத்தல். தள்ளி எனக்கு இடம் விட்டார்.

"பிளேன் போட்டுதோ?"

"ஓம். எதிர்க்காத்து. மெதுவாய்த்தான் போச்சுது. அந்தாள் வடிவாய் ஓட்டுறான்."

பிறகு, நான் கேட்காமலே விரலை நீட்டினார். குத்தினேன். கருவியில் இலக்கம் வரும்வரை இருவரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வந்ததும் தானே வாசித்தார். வாசித்துவிட்டு, "இது காணாது. ஏதும் சாப்பிடவேணும்" என்றார்.

எங்கள் ரெயின் வந்து நின்றது. அதை விட்டுவிட்டுப் பாண் வாங்கப் போனோம்.