சூப்பிரண்டுக்கு ஒரு தொங்குவிளக்கு

அன்புள்ள கோமு,

இது நான் உனக்கு எழுதும் முதல் கடிதம். சிரிக்காதே. உன் பிறந்தகம் இதே கரமனையில் அடுத்த தெருவில் இருந்தால் நான் எப்போது கடிதம் எழுதுவது? கோபித்துக்கொண்டு கிளம்பினாலும் காபிக்குப் பால் காய்வதற்குள் திரும்பி வந்துவிடுவாய். ஆபீஸில் மற்றவர்கள் ஊருக்குப் போன மனைவிகளுக்கு மேஜைக்கடியில் ஒளித்து வைத்துக் கடிதம் எழுதும்போது, நான் ஒருவன்தான் சர்க்கார் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதுதான் கடிதம் எழுதும்படியான தூரத்துக்குப் போயிருக்கிறாய்.

முதலில் நீ யாரைப் பற்றி விசாரிப்பாய் என்று எனக்குத் தெரியும். என்னைப் பற்றி அல்ல. சூப்பிரண்டு சௌக்கியம்.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. சூப்பிரண்டு என்பது ஒரு தங்கமீன். கொழும்பிலிருந்து வந்த உன் மாமா கொண்டுவந்து கொடுத்தது. நாளெல்லாம் ஒரே இடத்தில் வளைய வந்து, வாயைத் திறந்து திறந்து மூடி, ஒரு காரியமும் செய்யாமல் வயிறு வளர்ப்பதைப் பார்த்து எங்கள் ஆபீஸ் சூப்பிரண்டின் பதவியை நீதான் அதற்குக் கொடுத்தாய். அதற்குப் பிறகு அந்த மனிதரை என்னால் நேராகப் பார்க்க முடிந்ததில்லை. அவர் வாயைத் திறக்கும்போதெல்லாம் பொரி போடத் தோன்றும்.

பக்கத்து வீட்டுப் பார்வதி மாமி அன்றைக்கே வாசலில் வந்து நின்றாளே, நினைவிருக்கிறதா? "பிராமணாள் ஆத்துல மீனா? கலிகாலமாக்கும்! நாளைக்கு ஊர்ல நாலு பேர் கேட்டா என்ன சமாதானம் பறைவாய் கோமு?" நீ இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, "பகவான் மொதல்ல எடுத்த ரூபம் இதுதானே மாமி? ராமனா வந்தா சேத்துப்பேள், மீனா வந்தா வாசலோட அனுப்பிடுவேளோ?" என்றாய். மாமி அப்புறம் வாரக்கணக்கில் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. அந்த நிம்மதியைக் கொடுத்ததற்காகவே எனக்கு அந்த மீனைப் பிடித்துப்போயிற்று.

நீ போனபிறகு அதுதான் இந்த வீட்டில் உன்னுடையது என்று சொல்லும்படியாக உயிரோடு இருந்தது. நமக்குக் குழந்தை குட்டி இல்லை. உன் புடைவைகளை உன் தங்கை எடுத்துப் போனாள். துளசி, யார் தண்ணீர் விட்டாலும் வளர்கிறது. இந்த மீன் அப்படி இல்லை. போன ஆனி மாதம் பார்க்கிறேன், அதன் முதுகு வெளுத்திருக்கிறது. ஆடி பிறப்பதற்குள் வாலும் வெளுத்துவிட்டது. பொரி போட்டால் மேலே வருவதில்லை. அடியில் கிடக்கும் பாசியோடு பாசியாகக் கிடந்தது.

ஆபீஸில் படம் வரைகிற தாணுப்பிள்ளையிடம் வருத்தப்பட்டுக்கொண்டேன். "சூப்பிரண்டு ஆளே வெளுத்துப் போயிட்டார் ஓய், சாப்பாடும் எறங்கல்லே, இன்னும் எத்தனை நாளோ" என்று சொல்லித் திரும்பினால், நிஜமான சூப்பிரண்டு பின்னால் நிற்கிறார். அப்படியே திரும்பி அறைக்குள் போனார். அன்று சாயங்காலமே டாக்டரிடம் போய் நாக்கை நீட்டிக் காட்டினதாகக் கேள்வி.

தாணுப்பிள்ளை சிரித்து முடித்துவிட்டுச் சொன்னார்: "வெளிச்சம் இல்லேன்னா தங்கமீனுக்கு நெறம் போயிரும் வேய். செடியும் அழுகிப் போவும், தண்ணியும் கெட்டுப் போவும். தொட்டிக்கு நேர மேலே ஒரு வெளக்கத் தொங்க விடும். இல்லேன்னா மீன் தங்காது, பாத்துக்கிடும்."

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தினம் காலையில் நீ அந்தக் கண்ணாடித் தொட்டியைக் குடம் மாதிரி இடுப்பில் தூக்கி முற்றத்து வெயிலில் வைத்து, காக்காய்க்குக் காவலும் இருந்தாயே, அது விளையாட்டு இல்லை. நானும் ஒருநாள் தூக்கிப் பார்த்தேன். தொட்டி பிழைத்தது. என் இடுப்பு பிழைக்கவில்லை. நீ போனபின் எனக்குச் சமைத்துப் போட வந்திருக்கும் என் அக்கா செல்லமோ மீன் இருக்கும் மூலைக்கே மடி கெட்டுவிடும் என்று ஒதுங்கிப் போகிறவள். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு மாதத்துக்கு என்று வந்தாள். மாட்டுப்பெண்ணோடு பேச்சுவார்த்தை நின்றுபோனதால் இங்கேயே தங்கிவிட்டாள். மீதி உனக்கே தெரியும்.

ஆக, விளக்கு நான்தான் செய்ய வேண்டும் என்று ஆயிற்று.

உன் சிரிப்பு எனக்குக் கேட்கிறது. நான் எலக்ட்ரிக் ஆபீஸ் குமாஸ்தா. கரண்டைப் பற்றி எழுதாத நாள் கிடையாது, தொட்ட நாளும் கிடையாது. ஸ்விட்சைக் குடையின் மரப்பிடியால் தள்ளிப் போடுகிறவன். "ஊருக்கெல்லாம் வெளிச்சம் குடுக்கற ஆபீஸ்ல இருக்கேள், ஆத்துல ஸ்விட்ச் போட நான் வேணுமோ?" என்று நீ கேட்காத நாளுண்டா?

மூடி செய்வதில்தான் முதல் தடுமாற்றம். பல்பின் வெளிச்சம் கூரைக்குப் போகாமல் தண்ணீரில் விழ வேண்டுமே. நம் கல்யாணத்துக்கு வந்த வெண்கல உருளியைக் கவிழ்த்துத் தொங்கவிட்டால் கம்பீரமாக இருக்கும் என்று நினைத்தேன். அதைத் தூக்கிப் பார்த்த தாணுப்பிள்ளை, "மீனுக்கு வெளிச்சம் குடுக்கீரா, தலையில கல்லத் தூக்கிப் போடுகீரா?" என்றார். அக்கா வேறு, பாயச உருளி மீனுக்கு மேலே தொங்கினால் தான் அடுத்த ரயிலில் ஊருக்குப் போய்விடுவதாகச் சொன்னாள். நான் கொஞ்சநேரம் யோசித்தது உண்மை. பிறகு உருளியைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

கடைசியில் பிஸ்கோத்து டின்தான் கைகொடுத்தது. நீளவாட்டில் வெட்டிக் கவிழ்த்தால் உள்பக்கம் கண்ணாடி மாதிரிப் பளபளத்தது. சூடு வெளியேற ஆணியால் மேலே ஓட்டைகள் போட்டேன். ஓட்டைகளில் பாதி என் கட்டைவிரலில் விழுந்தன. கூடத்து ஊஞ்சலைக் கழற்றி, அதே கொக்கியில் அதே பித்தளைச் சங்கிலியால் டின்னைக் கட்டினேன். இரண்டு பெரியவர்கள் ஆடினாலும் அசையாத சங்கிலியில் ஒரு பிஸ்கோத்து டின். அக்கா தன் மத்தியானத் தூக்கம் போன ஆத்திரத்தில், "ரெண்டு அணாக் கயிறு பத்தாதோடா? யானையா கட்டப் போறாய்?" என்றாள்.

எல்லாம் ஆயிற்று, கம்பி மட்டும் இல்லை. யுத்தம் வந்ததிலிருந்து நூல் சுற்றின எலக்ட்ரிக் கம்பிக்குத் தட்டுப்பாடு. சாலைக் கடைத்தெருவில் ஒரு கடைக்காரர், சரக்கு வந்தால் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொல்வதாக ஒப்புக்கொண்டார். நல்ல மனிதர். சொன்னபடியே செய்தார். அதுதான் வினையாக முடிந்தது.

நான் ஆபீஸில் இருந்தபோது ஆள் வந்திருக்கிறான். வாசலிலிருந்தே மலையாளத்தில், "சாமீ! கம்பி வந்நூ! வேகம் வரான் பறஞ்ஞு!" என்று கூவிவிட்டு சைக்கிளில் போய்விட்டான். அக்காவுக்கு ஒன்றும் புரியவில்லை. கம்பி என்றால் ஜன்னல் கம்பி, அதற்கு என்ன அவசரம் என்று பார்வதி மாமியிடம் கேட்டிருக்கிறாள். மாமி மார்பில் அடித்துக்கொண்டாள்.

"ஐயோ செல்லம்! நீங்கள்ளாம் தந்தின்னு சொல்லுவேளே, அதுக்கு இவிடெ கம்பின்னாக்கும் பேர்! வேகம் வரச் சொன்னான்னா... யாருக்கு என்ன ஆச்சோ, பகவானே!"

கல்லிடைக்குறிச்சியில் எங்கள் தம்பி அம்பிக்கு மார்வலி என்று போன வாரம்தான் கார்டு வந்திருந்தது. போதாதா?

சாயங்காலம் நான் தெருமுனையில் திரும்பும்போதே வாசலில் கூட்டம். அக்கா தலையோடு ஸ்நானம் செய்து, ஈரப்புடைவையோடு நடுக்கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைக் கண்டதும், "அம்பி நம்மள விட்டுட்டுப் போய்ட்டாண்டா விசு!" என்று கதறினாள். நானும் உட்கார்ந்து அழுதேன். அம்பியை நான் தூக்கி வளர்த்தேனே கோமு. அழுகைக்கு நடுவே, ஆபீஸ் புத்தி, காகிதத்தைக் கேட்டது.

"தந்தி எங்கே அக்கா?"

"அவன் தரல்லேடா. வந்தவன் கடை ஆளாம். கடைக்காரர் வெச்சிண்டிருக்காராம்."

"எந்தக் கடைக்காரர்?"

"சாலையில எலக்ட்ரிக் சாமான் விக்கறவர்னு எதிராத்துப் பையன் சொன்னான்."

நான் அழுதுகொண்டிருந்த வாயாலேயே சிரித்தேன். எனக்குச் சித்தம் கலங்கிவிட்டது என்று பார்வதி மாமி விபூதி எடுக்க ஓடினாள். விஷயத்தைச் சொன்னதும் கூட்டம் மெதுவாகக் கலைந்தது. சிலருக்குக் கொஞ்சம் ஏமாற்றம் என்றுகூடச் சொல்லலாம். மாமி மட்டும் சமாளித்துக்கொண்டு, "என்னவானாலும் இனி அம்பிக்கு ஆயுசு கெட்டியாக்கும்" என்றாள். அக்கா என்னை அடிக்கக் கரண்டியைத் தேடினாள். "உசுரோட இருக்கறவனுக்கு என்னைத் தலை முழுக வெச்சுட்டியேடா, பாவி!"

அப்போதுதான் பார்த்தேன். கூடமெல்லாம் ஈரம். குடங்கள், அண்டா, தவலை எல்லாம் கவிழ்ந்து கிடந்தன. சாவுத் தீட்டு என்றால் வீட்டில் இருக்கும் தண்ணீரை முழுக்கக் கொட்டிவிட வேண்டுமே. அக்கா ஆசாரத்தில் எப்போதாவது ஒரு சொட்டு மிச்சம் வைத்திருக்கிறாளா?

மூலையில் உன் கண்ணாடித் தொட்டி காலியாக இருந்தது. அடியில் கூழாங்கல்லும் கொஞ்சம் பாசியும் மட்டும்.

கொல்லைப்புறம் ஓடினேன். வாழைப் பாத்தியில் தேடினேன், சாக்கடையில் கையை விட்டுத் துழாவினேன். தம்பி போனான் என்று நினைத்தபோது அழுத அழுகை வேறு. இது வேறு. இரண்டாம் தடவையும் உன்னைப் பறிகொடுத்த மாதிரி இருந்தது என்று சொன்னால் யாராவது நம்புவார்களா? ஒரு மீனுக்காக, இந்த வயதில், வேட்டியெல்லாம் சேறாக.

"அங்க என்னடா சேத்துல தேடறாய்?" என்று அக்கா பின்னால் வந்து நின்றாள். "அது என் குடத்துலன்னா இருக்கு."

அக்காவின் மடிக் குடம் உனக்குத் தெரியுமே. அதன் பக்கம் நம் நிழல் பட்டாலே திரும்பத் தேய்ப்பாள். எட்டிப் பார்த்தேன். புதுக் கிணற்றுத் தண்ணீரில் சூப்பிரண்டு சுற்றிக்கொண்டிருந்தார்.

"தீட்டு தண்ணிக்குத்தானேடா? அதுக்கென்ன தெரியும், பாவம். கோமு வளத்த ஜீவனைக் கொல்லையில கொட்ட எனக்கு மனசு வருமோ? புடவைத் தலைப்பால ஏந்தி எடுத்தேன்." மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "அதுக்கும் ஸ்நானம் ஆயாச்சு" என்றாள்.

அவளை நமஸ்காரம் பண்ணினேன். கையைத் துடைத்துக்கொண்டு வா என்று திட்டினாள்.

மறுநாள் கம்பி வாங்கி வந்தேன். மெயினை அணைத்து, அணைத்தது அணைந்திருக்கிறதா என்று பலதரம் பார்த்து, மணைப்பலகைமேல் நின்றுகொண்டு நானே மாட்டினேன். பாதி வேலையில் இறங்கிப் போய் மெயினை இன்னொரு தரம் பார்த்தேன். முடிக்கும்போது அது தோன்றவில்லை. காலித் தொட்டியை டின்னுக்கு நேர் கீழே நகர்த்தி, தண்ணீர் நிரப்பி, மீனை விட்டேன். விளக்கு எரிந்தது! ஓட்டைகள் வழியாக உத்தரமெல்லாம் வெளிச்சப் புள்ளிகள். அக்கா பார்வதி மாமியையே கூப்பிட்டுக் காட்டினாள். தொட்டிக்குள் மீன் பளபளவென்று பொன்னாக இருந்தது. ஒரே நாளில் நிறம் திரும்பிவிட்டது என்று நான் தெருவெல்லாம் சொல்லிவிட்டேன்.

"பல்பே மஞ்சளாச்சேடா. அணைச்சுட்டுப் பாரு" என்றாள் அக்கா.

எனக்கு மனமில்லை. அவள் விடவில்லை. நேற்று மத்தியானம், மழை மூட்டத்தில், அணைத்துப் பார்த்தேன். வெளுப்புத்தான் கோமு. அதே வெளுப்பு.

ஆனால் அணைத்த உடனே அது மேலே வந்துவிட்டது. இத்தனை நாள் அடியில் கிடந்தது கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு, என்னைப் பார்த்து வாயைத் திறந்து திறந்து மூடிற்று. ஏன் அணைத்தாய் என்று கேட்கிற மாதிரியே இருந்தது. நீ போன பிறகு இந்தக் கூடத்தில் நான் விளக்கே போட்டதில்லை. சாயங்காலம் வந்தால் இருட்டிலேயே உட்கார்ந்திருப்பேன். அக்கா தன் அகலோடு சமையலறையில் இருப்பாள். இந்த வீட்டில் வெளிச்சம் வேண்டும் என்று கேட்டது அது ஒன்றுதான். உடனே போட்டுவிட்டேன்.

நிறம் திரும்பினால் எழுதுகிறேன். திரும்பாவிட்டாலும் பொரி உண்டு, பாசி உண்டு, தண்ணீர் மாற்ற நான் உண்டு. அதையும் இருட்டில் விட மாட்டேன், நானும் இனி இருட்டில் உட்கார மாட்டேன். இது சத்தியம்.

இப்படிக்கு,
விளக்குப் போட்ட கூடத்திலிருந்து,
உன் ஆம்படையான்
விசுவநாதன்