ஊதிப்போன விலையும் உம்மென்றிருந்த வீடும்

மார்ச் 4
இன்றும் சாப்பாட்டு மேசையில் அதே பஞ்சாயத்து. நான் பணம் போட்டிருக்கும் போன் கம்பெனியின் பங்கு விலை ஊதிப்போயிருக்கிறது என்கிறாள் என் மனைவி. பங்கு ஆராய்ச்சி நிறுவனத்தில் வேலை. அதனால் வீட்டில் அவள் பேரே ஆராய்ச்சி. நான் மூக்குக்கண்ணாடிக் கடைக்காரன். லாபத்தைப் போல நாற்பது மடங்கு விலை கொடுத்து யாராவது வாங்குவார்களா என்றாள். கடைக்கு வருகிறவர்கள் கண்ணாடியைக் கழற்றச் சொன்னால் கழற்றுகிறார்கள், அந்தப் போனை மட்டும் கீழே வைப்பதில்லை. அதற்கு என்ன மடங்கு என்றேன்.

"நல்ல பொருள் வேற, நல்ல விலை வேறங்க. ஃபிரேம் அழகா இருக்குன்னு பத்து மடங்கு கொடுத்து வாங்குவீங்களா?"

தோற்றாலும் இந்தச் சண்டை இல்லாமல் எனக்குச் சாப்பாடு இறங்காது.

மார்ச் 9
கடைக்குப் பக்கத்து அறையை விற்கப்போகிறார்களாம். எனக்காக இரண்டு மாதம் பொறுப்பாராம் உரிமையாளர். கண் பரிசோதனைக்கென்று ஓர் அறை! இப்போது எழுத்துப் பலகை வாசலோரம் தொங்குகிறது. தெருவில் போகிறவர்களும் சேர்ந்து படிக்கிறார்கள். நேற்று ஒருவர் நின்று விடைகூடச் சொல்லிக்கொடுத்தார். பணத்துக்கு அந்தப் பங்குகள்தான். வேறு கையிருப்பு இல்லை.

மார்ச் 15
விலை இன்னும் ஏறியிருக்கிறதே என்று சீண்டினேன். அதைப் பற்றி இனிப் பேசக் கூடாதாம், அந்தப் பங்கை வாங்கலாமா விற்கலாமா என்று அறிக்கை எழுதுகிறாளாம். அவள் பேரில் வரும் முதல் அறிக்கை. வெளியாகும்வரை மூச்சுவிடக் கூடாது. அதில் இருப்பதைத் தெரிந்துகொண்டு வீட்டில் யாராவது விற்றால் அவள் வேலை போய்விடும். சரி தாயே.

மார்ச் 18
ஆம்லெட்டில் பெரிய பாதி எனக்கு. கேட்காமலே சட்டைக்குப் பொத்தான் தைத்திருக்கிறாள்.

மார்ச் 19
பார்வையே சரியில்லை. ஆபரேஷனுக்குப் போகிறவனைப் பார்ப்பது மாதிரி பார்க்கிறாள். புரிந்துவிட்டது — 'வித்துடுங்க'ன்னு எழுதப்போறா. வந்த அன்னிக்கே விலை சரியும், அறையும் போகும்.

இப்பவே வித்துட்டா என்ன? அவ ஒண்ணும் சொல்லலையே, நானாத்தானே கண்டுபிடிச்சேன்? — சீ. அவ முகத்தைப் பார்த்துத்தானே கண்டுபிடிச்சேன். அந்த நாற்காலிக்கு வர என்ன பாடுபட்டா! அறை இல்லாட்டி வாசல்லயே பார்த்துக்கறேன். இத்தனை நாள் பார்க்கலையா?

மார்ச் 22
எங்களோடு இருக்கும் மாமியார் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, மகளோடு ஏதாவது மனஸ்தாபமா என்று கேட்டார். வீட்டில் சண்டையே இல்லையே, பயமாக இருக்கிறது என்றார்.

மார்ச் 26
விற்கவில்லை.

மார்ச் 29
அறிக்கை வந்துவிட்டது. கடையைத் திறந்ததும் பயந்துகொண்டே படித்தேன். வாங்கலாம் என்று எழுதியிருக்கிறாள்! விலை ஊதவில்லையாம், லாபம் பின்னாலேயே வந்துகொண்டிருக்கிறதாம். நான் சொன்ன காரணம் ஒன்றுகூட அதில் இல்லை. எல்லாம் அவளே தோண்டி எடுத்தது.

சாயங்காலம் தலையைக் குனிந்துகொண்டே வந்தாள். இத்தனை வருஷம் என்னை மட்டம் தட்டியதற்கு மன்னிப்புக் கேட்டால் அறிக்கை வெளியே தெரிந்துவிடுமே, அதனால்தான் பொத்தான் தைத்தாளாம். நான் நினைத்ததைச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். திடீரென்று சிரிப்பு நின்றது.

"விலை சரியப்போகுதுன்னு தெரிஞ்சேவா விக்காம இருந்தீங்க?"

"உன் வேலையாச்சே."

எழுந்து வந்து என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். சட்டை நனைந்தது. மாமியார் நாசூக்காக உள்ளே போய்விட்டார். இவளை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்று இங்கேயாவது எழுதி வைக்கிறேன்.

ஏப்ரல் 30
அவள் அலுவலகத்தில் முறைப்படி அனுமதி வாங்கி, பங்குகளை விற்றாயிற்று. அறைக்கு முன்பணமும் கொடுத்தாயிற்று.

ராத்திரி சாப்பிட உட்கார்ந்ததும், அந்த அறைக்கு இவ்வளவு விலை அநியாயம் என்றாள் ஆராய்ச்சி. காற்றோட்டமான நல்ல அறை என்றேன். "நல்ல அறை வேற, நல்ல விலை வேறங்க" என்று ஆரம்பித்துவிட்டாள். நானும் விடவில்லை. மாமியார் நிம்மதியாக இன்னொரு தடவை பரிமாறிக்கொண்டார்.